தீபாவளிக்குள் வந்துவிடும் என்று வாங்கிய முன்பணம்: ஊஞ்சல், திரைச்சீலை ஆர்டர் செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் செப்டம்பர் 25 அன்று சீனர்களின் விளக்குத் திருவிழா, அக்டோபரில் நவராத்திரி. நம் வீடுகளில் திரைச்சீலை மாறுவதும், கொலுப்படி வெளியே வருவதும், கூடத்துக்குப் புதிதாக ஒரு பொருள் வாங்குவதும் இந்த மாதங்களில்தான். முன்பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடிப்பவர்களுக்கும் இதுதான் காலம். வாரஇறுதிச் சந்தைகளிலும் இன்ஸ்டகிராமிலும் 'இலையுதிர்கால அலங்காரத் தொகுப்பு' என்று விற்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்துக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஏது இலையுதிர்காலம், மத்தியானம் இடி, சாயங்காலம் மழை என்று சிலர் சொல்லலாம். எனக்கு இந்த மாதங்கள் ரொம்பப் பிடிக்கும். சைனாடவுனில் விளக்குக் கூடுகளைப் பார்த்துவிட்டு வரலாம், தெரிந்தவர் வீடுகளுக்குக் கொலுவுக்குப் போகலாம், தேக்காவில் ஒளியூட்டு தொடங்கியதும் சிராங்கூன் ரோட்டில் பிள்ளைகளோடு நடந்துவிட்டு கேம்பல் லேனில் தோரணம், அகல்விளக்கு வாங்கிக்கொண்டு திரும்பலாம். கடைத்தொகுதிகளிலும் செம்மஞ்சள் மேப்பிள் இலையும் பூசணியும் வந்துவிடும். அந்த நிறத்தை நம் பித்தளையோடும் மாவிலையோடும் சேர்த்து வைத்தால் கூடம் அத்தனை அழகாக இருக்கும். அந்த ஆசையைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு வாரஇறுதிச் சந்தையில் அந்தக் கடையைப் பார்த்தோம். காட்சிக்கு வைத்திருந்த ஊஞ்சல் உண்மையிலேயே நல்ல தேக்கு. கூரையில் துளை போடத் தேவையில்லாமல் சட்டத்தோடு நிற்கும் ஊஞ்சல், அரசு கட்டித் தரும் வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் பொருத்தமானது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தார். காரைக்குடியிலிருந்து செய்து வரும் என்றார்கள். ஊஞ்சல் 1,850 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), லினன் திரைச்சீலையும் குஷன் உறைகளும் 520, பித்தளை உருளியும் விளக்குகளும் 310. ஆக 2,680 வெள்ளி. மேலே 9 விழுக்காடு பொருள் சேவை வரி 241 வெள்ளி 20 காசு.

"கொலுவுக்கு முன்னாடியே வந்துரும்க்கா, நீங்க கவலையே படாதீங்க" என்றார் கடைக்காரத் தம்பி. பாதிப் பணத்தை பேநவ் என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாகக் கட்டினோம். திரையில் கடைப் பெயருக்குப் பதிலாக ஒரு தனி ஆள் பெயர் வந்தது. கேட்டதற்கு, நிறுவனக் கணக்கு புதுசாக மாறிக்கொண்டிருக்கிறது, இது பார்ட்னர் எண் என்றார். ரசீதில் கடைப் பெயர், பதிவு எண், 'தேக்கு ஊஞ்சல்', 'லினன்' எல்லாம் தெளிவாக இருந்தன.

செப்டம்பரில் ஒரு வாட்ஸ்அப் செய்தி: கொள்கலன் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, மீதியைக் கட்டினால்தான் எடுக்க முடியும். கூடவே ஒரு கொள்கலன் படம். மீதியையும் கட்டினோம். கொலு போனது. சுங்கச் சோதனை என்றார்கள், லாரி இல்லை என்றார்கள், முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அக்டோபர் 20 தீபாவளியும் போனது. பழைய திரைச்சீலையை எப்போதோ கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டோம். ஜன்னலில் அத்தையின் பருத்திப் புடவைகளைக் கட்டித்தான் பண்டிகை நடந்தது. அத்தைக்கு நவம்பர் முதல் வாரத்தில் திரும்பும் டிக்கெட். அவர் கிளம்பிப் போன பிறகுதான் ஊஞ்சல் வந்து சேர்ந்தது.

கொண்டு வந்த லாரிக்காரருக்கு எதுவும் தெரியாது. பெட்டியைப் பிரித்தபோது இருக்கைப் பலகையின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வேறொரு நாட்டின் பெயர் இருந்தது. பலகை தேக்கே இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மேல் தேக்கு வரி போட்ட மெல்லிய தாள்.

இதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் தேக்கு என்று நம்பிவிடுகிறார்கள். எம்டிஎஃப் பலகையும் நல்ல கனம்தான், சில சமயம் தேக்கைவிட அதிகம். பார்க்க வேண்டியது ஓரத்தை. அசல் மரத்தில் மேற்பரப்பில் ஓடும் வரி ஓரத்தில் மடங்கி இறங்கித் தொடரும், வெட்டிய முனையில் மரத்தின் வளையக் கோடுகள் தெரியும். தாள் ஒட்டிய பலகையில் மேலே ஒரு வரி, ஓரத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு வரி. பிறகு திருகு ஏறிய ஓட்டைகளைப் பாருங்கள். அங்கே மாவு மாதிரி தூள் கொட்டினால் அது பலகைத் தூளை அழுத்திச் செய்தது. அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்க்காமல் மரச்சாமானுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

திரைச்சீலையில் ஓரத்து நூல் ஒன்றை உருவி, தண்ணீர்த் தொட்டி மேல் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். லினன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியானது, அதாவது பாலியெஸ்டர். உருளியில் ஃபிரிட்ஜ் காந்தம் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. இரும்புக்குப் பித்தளை முலாம் பூசியிருக்கிறார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் பிறகு சொன்னது இது. எந்தக் கொள்கலனுக்கும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்த எண் உண்டு. அதைக் கப்பல் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணையும் சரக்கு ரசீதின் நகலையும் கேட்டோம். கடைசிவரை வரவே இல்லை.

அடுத்தது வரி. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்துகொண்ட நிறுவனம்தான் அந்த வரியை வாங்க முடியும். பதிவு இல்லாமல் வாங்குவது குற்றம். யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். இந்தக் கடை அதில் இல்லை. ரசீதில் இருந்த பதிவு எண்ணை தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஆக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் அந்தத் தொழில் பதிவும் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. இரண்டு தேடலும் காசில்லாதவை. சந்தையில் கடை முன்னால் நின்றபடியே கைப்பேசியில் செய்துவிடலாம். இனி எங்கள் வீட்டில் ஒரு குஷன் உறைக்குக்கூட அது இல்லாமல் முன்பணம் கிடையாது.

இப்போது என் முக்கியமான பேச்சுக்கு வருகிறேன். இதே கடையில் ஏமாந்த இன்னும் சில குடும்பங்களை அதன் பிறகு சந்தித்தேன். ஒருவர் விடாமல் ஒரே வார்த்தை: "தீபாவளிதான் முடிஞ்சு போச்சே, விடுங்க." அந்த 'விடுங்க'வை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. பண்டிகைக்கு முன்னால் கோபித்தால் பொருள் வராமலே போய்விடுமோ என்று நாம் பொறுத்துப் போகிறோம். பண்டிகை முடிந்ததும் பொருளின் தேவையே போய்விடுகிறது, சண்டை போடத் தெம்பில்லை. இரண்டு பக்கமும் நாட்காட்டி என்பது பொருளை விற்பவர் கையில்தான் இருக்கிறது. அது நம் கைக்கு வர ஒரு வழி உண்டு. பணம் கட்டும் முன், 'இன்ன தேதிக்குள் வராவிட்டால் ஆர்டர் ரத்து, முழுப் பணமும் திருப்பித் தரப்படும்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடை அந்தத் தேதிக்குள் தரும் எண்ணத்தில் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். முடிந்தவரை கடன்பற்று அட்டையில் கட்டுங்கள். பொருள் வராவிட்டால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் ஒரு வழி இருக்கிறது. பேநவ்வில் போன பணத்துக்கு அது இல்லை.

பயணங்களிலும் இதே கதை. என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா குடும்பத்தோடு சென்ற ஆண்டு கொரியாவுக்கு 'இலையுதிர்காலச் சிறப்புப் பயணம்' போனார். நம் சைவச் சாப்பாட்டோடு ஏற்பாடு செய்கிறோம் என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்த்தார். விளம்பரத்தில் செக்கச்சிவந்த சொராக்சான் மலை. இங்கே பள்ளி விடுமுறை நவம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் தொடங்கும். சொராக்சானில் இலை நிறம் மாறி உச்சத்துக்கு வருவது அக்டோபர் நடுவிலிருந்து கடைசிவரை. தெற்கே நேஜாங்சானில்கூட நவம்பர் முதல் பாதி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இவர்கள் போனபோது மலை முழுக்க மொட்டை மரம். ஆள் சேர்த்தவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் கியோட்டோவைப் பாருங்கள். அங்கே நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மேப்பிள் சிவந்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின்னாகும், ஆனால் ஒரு மாதம் தள்ளிப் போகாது. இன்னொன்று, சிங்கப்பூரில் பயண ஏற்பாட்டைத் தொழிலாக நடத்துபவருக்குப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அந்த அக்காவை அழைத்துப் போனவர் பெயர் அதில் இல்லை.

எங்கள் விஷயத்தில் என்ன செய்தோம் என்று கேட்பவர்களுக்கு. முதலில் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் முறையிட்டோம். அவர்கள் கடைக்கு எழுதினார்கள், கடையிலிருந்து பதில் இல்லை. பிறகு ஸ்மால் கிளைம்ஸ் என்று நாம் சொல்லும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய கட்டணம் 10 வெள்ளிதான். சிங்பாஸ் என்ற அரசின் இணைய அடையாளக் கணக்கு வழியாக இணையத்திலேயே மனுப் போடலாம். வழக்கறிஞர் கிடையாது, நாமே பேச வேண்டும். என் ஆங்கிலம் போதுமா என்று பயந்துகொண்டுதான் போனேன். பேச்சைவிடத் தாள்கள்தான் அங்கே பேசின: ரசீது, பேநவ் பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும், ஸ்டிக்கரின் படம், ஓரத்தின் படம், காந்தம் ஒட்டிய உருளியின் படம்.

எங்களுக்குக் கைகொடுத்தது, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது. பழுது பார்ப்பது, மாற்றித் தருவது, விலை குறைப்பது, பணத்தைத் திருப்பித் தருவது என்று நிலைமைக்கேற்பக் கேட்கலாம். பதிவாளர் முன்னிலையில் உட்கார்ந்து பேசியதும் அந்த ஆள் ஊஞ்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டு 2,300 வெள்ளியைத் தவணையாகத் தர ஒப்புக்கொண்டார். அது ஆணையாகப் பதிவானது. கடைசித் தவணைக்கு இழுத்தடித்தார். ஆணையை அமலாக்க அடுத்த மனுப் போடப் போகிறோம் என்று எழுதிய பிறகுதான் வந்தது. ஆணை கிடைத்துவிட்டால் பணம் தானாகக் கைக்கு வந்துவிடாது, அதற்கும் தயாராக இருங்கள். வரி என்று வாங்கிய தொகையைப் பற்றி வருவாய் ஆணையத்துக்குத் தனியாகத் தகவல் கொடுத்திருக்கிறோம்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மாயமாகிவிட்டால் அது மோசடி. உடனே வங்கியை அழைத்துவிட்டுக் காவல்துறையில் புகார் செய்யுங்கள். ஏமாற்று வேலையோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு) உதவி எண்ணில் கேட்கலாம்.

இதே படங்களோடு, அத்தை உட்கார்ந்து பார்த்த அதே காட்சி ஊஞ்சலோடு, இப்போது வேறொரு கடைப் பெயரில் விளம்பரம் வருவதாக இரண்டு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே தொடர்பு எண்தான். கடைப் பெயரை இங்கே பொதுவில் எழுதவில்லை. ஆர்டர் கொடுத்திருப்பவர்கள் தனிச் செய்தி அனுப்பினால் எங்கள் மனுவின் மாதிரியைத் தருகிறேன், எழுதவும் உதவுகிறேன். முக்கியமாக, ஸ்மால் கிளைம்ஸில் மனுப் போட இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. 2024 தீபாவளிக்காகப் பணம் கட்டி, பொருள் வராமலோ போலியாக வந்தோ அப்படியே விட்டுவிட்டவர்களுக்கு அந்தக் கெடு பெரும்பாலும் இந்த அக்டோபரை ஒட்டி முடிகிறது. ரசீதை இன்றைக்கே தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள்.