சுருங்கும் ஜீன்ஸா, சுருங்காத ஜீன்ஸா? சைஸுக்கு முன் துவைப்பதை முடிவு செய்யுங்கள்

நல்ல டெனிம் ஜீன்ஸ் ஒன்றை ஆன்லைனில் வாங்கலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது சைஸ் சார்ட்டை. அதற்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வாங்கிய பிறகு அதை எப்படித் துவைக்கப் போகிறீர்கள்? வாளியில் பச்சைத்தண்ணீரில் அலசுகிறவருக்கும் மெஷினில் வெந்நீர் வைத்து ஓட்டுகிறவருக்கும் இடுப்பளவு ஒன்றாகவே இருந்தாலும், அவர்கள் வாங்க வேண்டிய சைஸ் ஒன்றாக இருக்காது. சில ரக டெனிமில் இந்த வித்தியாசம் அரை அங்குலம். சிலவற்றில் மூன்று அங்குலம்.

தரமான ஜீன்ஸ் விற்கும் கடைகளில் மூன்று ரகங்கள் கிடைக்கின்றன. தறியிலிருந்து இறக்கிய துணியை அப்படியே வெட்டித் தைத்தது ஒன்று. இதை லூம்ஸ்டேட் என்றும் அன்சான்ஃபரைஸ்டு என்றும் சொல்வார்கள். ஆலையிலேயே சுருக்கம் எடுத்துவிட்டு, துவைக்காமல் விறைப்பாக விற்பது சான்ஃபரைஸ்டு ரா. தைத்து முடித்த பிறகு ஒரு தடவை அலசிக் காயவைத்து விற்பது ஒன்-வாஷ். வெளுக்கவைத்து, உரசி, அங்கங்கே கிழித்துவிட்ட மால் ஜீன்ஸை இங்கே சேர்க்கவில்லை. அதைக் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

துணி ஏன் சுருங்குகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நெசவு ஊர்களில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தறியில் பாவு நூல் இழுத்துப் பிடித்த நிலையில் நிற்கிறது, ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. டெனிமிலும் பாவுக்குக் கஞ்சி உண்டு. புது ரா ஜீன்ஸின் அட்டை போன்ற விறைப்பு பெரும்பாலும் அதனால்தான். துணி நனைந்ததும் பருத்தி இழை பருக்கிறது. பருத்த நூலை வளைந்து கடக்க எதிர் நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது, அந்த நீளம் துணியிலிருந்தே போகிறது. தறியின் இழுப்பும் தளர்ந்துவிடுவதால் பாவு ஓடும் திசையில், அதாவது கால் நீளத்தில்தான் சுருக்கம் அதிகம். சூடு இதை இன்னும் வேகப்படுத்தும்.

இந்தத் தொல்லைக்கு அமெரிக்காவின் ட்ராய் நகரிலிருந்து ஒரு தீர்வு வந்தது. ஏரோ என்ற பெயரில் சட்டைக் காலர்களை விற்றுக்கொண்டிருந்த க்ளூவெட் பீபாடி நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபர்ட் க்ளூவெட், 1930இல் காப்புரிமை பெற்ற முறை அது. துணியை ஈரப்படுத்தி, தடித்த பட்டைக்கும் சூடான உருளைக்கும் இடையே அமுக்கி, பின்னால் சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருக்கிவிடுவார்கள். அவர் பெயரால்தான் சான்ஃபரைஸ்டு. அதன் பிறகு மிஞ்சும் சுருக்கம் ஒரு சதவீதம் அளவில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனாலும் தைத்த ஜீன்ஸில் கால் நீளம் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை போனால் ஆச்சரியப்பட வேண்டாம்.

லூம்ஸ்டேட்டில் நீளம் 7 முதல் 10 சதவீதம் வரை போகும். லீவைஸ் 501 ஷ்ரிங்க்-டு-ஃபிட் இந்த ரகத்தில் பலருக்கும் தெரிந்த பெயர். வழக்கமான இடுப்பு அளவுக்காரர்கள் இடுப்பில் ஒரு அங்குலமும் நீளத்தில் மூன்று அங்குலமும் கூட்டி வாங்க வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

சரி, அளவு எடுப்பதற்கு வருவோம். உங்கள் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்ப்பது ஆன்லைனுக்கு உதவாது. 32 என்று லேபிள் ஒட்டிய ஜீன்ஸின் இடுப்பை டேப் வைத்துப் பார்த்தால் 33 இருக்கும், 34 கூட இருக்கும். நம் வீடுகளில் டெய்லரிடம் போகும்போது, நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றை அளவுச்சட்டையாகக் கொடுப்பது வழக்கம். ஜீன்ஸுக்கும் அதையே செய்யுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்துவதை, துவைத்துக் காய்ந்த நிலையில் தரையில் விரித்து ஐந்து இடங்களில் அளந்துகொள்ளுங்கள்: இடுப்புப் பட்டை, முன்பக்க உயரம் (கவட்டிலிருந்து பட்டையின் மேல் விளிம்பு வரை), கவட்டுக்கு ஓர் அங்குலம் கீழே தொடை, உள்பக்கக் கால் நீளம், காலின் கீழ் விளிம்பின் அகலம்.

இடுப்பு அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சில கடைகள் முன் பட்டையையும் பின் பட்டையையும் ஒரே மட்டத்துக்கு இழுத்து வைத்து அளக்கின்றன. சில, முன்பக்கம் இறங்கியிருக்கும் வளைவோடே அளக்கின்றன. ஒரே ஜீன்ஸில் இந்த இரண்டு முறைகளுக்கும் ஒரு அங்குலம் வரை வேறுபாடு வரும். கடையின் பக்கத்தில் அளக்கும் படம் இருந்தால் அதே முறையில் உங்கள் அளவு ஜீன்ஸையும் அளக்க வேண்டும். படம் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்டும் பதில் தராத கடையில் வாங்க வேண்டாம் என்பேன்.

இப்போது கணக்கு. உங்கள் அளவு ஜீன்ஸ் இடுப்பு 34, கால் நீளம் 30, முன்பக்க உயரம் 11 அங்குலம் என்று வையுங்கள். ஒன்-வாஷ் வாங்கினால் கடை சொல்லும் அளவு ஏறத்தாழ இதே எண்களாக இருக்கலாம். சான்ஃபரைஸ்டு ராவில் கால் நீளம் 31 பாருங்கள். இடுப்பு மட்டும் 33 முதல் 33.5 வரை, அதாவது கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். போடப் போட ரா டெனிம் இடுப்பில் ஒரு அங்குலம் போல விடும். முதல் நாளே தாராளமாக இருக்கும் ரா ஜீன்ஸ் இரண்டு மாதத்தில் பெல்ட் இல்லாமல் நிற்காது.

லூம்ஸ்டேட்டில் 8 சதவீதம் என்று போட்டால், 30 அங்குலம் மிஞ்ச 33 வாங்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். கவனிக்காமல் விடுவது முன்பக்க உயரத்தை. அதுவும் பாவின் திசையில்தான் இருக்கிறது, அதனால் 11 மிஞ்ச 12 வேண்டும். இடுப்பு சரி, தொடை சரி, உட்கார்ந்தால் மட்டும் கவட்டில் பிடிக்கிறது என்று புலம்புகிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இந்த ஒரு அங்குலம்தான். நடந்து நடந்து இடுப்பு விட்டுக்கொடுக்கும். உயரம் அப்படித் திரும்பி வராது.

லூம்ஸ்டேட்டில் இன்னொரு குணம் உண்டு. டெனிமின் சாய்வு நெசவால், நனைந்த பிறகு கால் மெல்ல முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் முன்னால் நகரும். சான்ஃபரைஸ்டு துணியில் ஆலையே துணியைக் கோணலாக இழுத்து இதைச் சமன் செய்துவிடுவது வழக்கம். சிலர் இந்த முறுக்கைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அப்படி நடக்கும் என்று தெரியாமல் வாங்கியவருக்குக் குறையாகத்தான் படும்.

ஆன்லைன் வாங்கலில் மூன்று ரகங்களையும் தெளிவாகப் பிரிப்பது திருப்பி அனுப்பும் வசதி. ஒன்-வாஷைப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட இறுதி அளவே தெரிந்துவிடும், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம். சான்ஃபரைஸ்டு ராவையும் உலர்ந்த நிலையிலேயே ஓரளவு கணித்துவிடலாம். லூம்ஸ்டேட்டின் உண்மையான அளவு நனைத்த பிறகுதான் தெரியும். நனைத்ததை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரவழைத்தால் சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேரும். அதனால் முதல் ஜீன்ஸாக லூம்ஸ்டேட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். அந்தக் கரடுமுரடான, நூல் மயிர் தெரிகிற மேற்பரப்பின் அழகு எனக்கும் தெரியும். அது இரண்டாவது ஜீன்ஸாக இருக்கட்டும். அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பவருக்கு ஒன்-வாஷ். என் ஓட்டு, துணி சதுர கஜத்துக்கு 12 முதல் 14 அவுன்ஸ் எடையுள்ள சான்ஃபரைஸ்டு ராவுக்கு: மடிப்பும் வெளுப்பும் முழுக்க உங்கள் உடம்பின் அடையாளமாக வரும், அளவும் பெரிதாக ஏமாற்றாது. 18 அவுன்ஸ், 21 அவுன்ஸ் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுக்கு. நம் ஊர் மே மாதத்தில் அதைப் போட்டு பஸ்ஸில் நிற்க முடியாது.

அப்புறம் துவைப்பது. இதில் இரண்டு கட்சிகள். முடிந்தவரை துவைக்காதே என்பது ஒன்று. 2014இல் லீவைஸின் அப்போதைய தலைமை அதிகாரி சிப் பெர்க், தான் போட்டிருந்த ஜீன்ஸை ஒரு வருடமாக மெஷினில் போடவில்லை என்று மேடையில் சொன்னது இந்தக் கட்சிக்குப் பெரிய பலம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 15 மாதம் துவைக்காமல் அணிந்த ஜீன்ஸையும், துவைத்து இரண்டு வாரம் போல அணிந்த அதே ஜீன்ஸையும் ஒப்பிட்டார்கள். பாக்டீரியா அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த முடிவை நான் நம்புகிறேன். ஆனால் அது அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் எட்மண்டன் நகரின் குளிரில் கிடைத்த முடிவு. சென்னையிலும் திருச்சியிலும் ஒரு மத்தியான நேரத்திலேயே தொடையும் கவடும் நனைந்துவிடும். வியர்வையோடு சேரும் தூசி நூலை அறுக்கிறது, கவட்டுத் தையல் கிழிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். வருடக்கணக்கில் துவைக்காமல் வெளுப்பின் கோடுகளைக் காப்பாற்றிக் கடைசியில் கவட்டைக் கிழிய விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வெயிலில் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டதும் துவைத்துவிடலாம், மோந்து பார்த்து வேண்டுமென்றால் அதற்கும் முன்னதாக. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்பதும் சரியல்ல, குளிரில் பெரும்பாலான பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்.

முதல் நனைப்பை அணியும் முன்பே செய்துவிட வேண்டும், லூம்ஸ்டேட் என்றால் கண்டிப்பாக. 1985இல் இங்கிலாந்தில் வந்த லீவைஸ் விளம்பரத்தில் ஒருவர் ஜீன்ஸோடு குளியல் தொட்டியில் இறங்குவார். அதெல்லாம் தேவையில்லை, பெரிய வாளி போதும். உள்புறத்தை வெளியே திருப்பி, பட்டனைப் போட்டு, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் மூழ்கவைக்க வேண்டும். கஞ்சியும் கொஞ்சம் நீலமும் கழன்று தண்ணீர் கறுக்கும். பயப்பட வேண்டாம்.

அந்த நீலத்தை நிறுத்த உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், வினிகர் ஊற்றச் சொல்வார்கள். டெனிமுக்கு இரண்டும் பலிக்காது. இண்டிகோ தண்ணீரில் கரையாத சாயம். நூலைத் தொட்டியில் முக்கி, காற்றில் காட்டி, மறுபடி முக்கி ஏற்றும்போது அது நூலின் மேல்வட்டத்தில் படிந்து நிற்கிறது, உள்ளே வெள்ளையாகவே இருக்கும். உரசினால் போகும், உப்பு அதைப் பிடித்துவைக்காது. அந்த மேல்படிவு உங்கள் நடையில் தேய்ந்து வெள்ளை தெரிவதற்காகத்தான் ரா டெனிமுக்கு இவ்வளவு காசு கொடுக்கிறோம். (இன்றைய டெனிமில் மிகப் பெரும்பாலானது செயற்கை இண்டிகோ. அவுரியிலிருந்து எடுக்கும் நீலம் வேண்டுமென்றால் தேடித்தான் வாங்க வேண்டும், திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிரிடுகிறார்கள்.)

வாளியா மெஷினா என்றால், முதல் சில துவைப்புகளுக்கு வாளி. விறைப்பான புது டெனிமை மெஷின் முறுக்கிச் சுழற்றும்போது மடிந்த இடங்களில் மட்டும் சாயம் தேய்ந்து, கோடு கோடாக வெள்ளை விழும். அதை நீக்க வழியில்லை. துணி இளகிய பிறகு மெஷினில் போடலாம்: உள்புறம் வெளியே, பச்சைத்தண்ணீர், குறைந்த சுழற்சி. வாளியிலும் ஒரு எச்சரிக்கை. சோப்புக் கட்டியைத் தேய்த்து பிரஷ் போடும் நம் வழக்கம் இதற்கு ஆகாது, பிரஷ் போன பாதை அப்படியே வெளுத்துத் தெரியும். வெளுப்பாகக் காட்டும் பொருள் கலந்த பவுடர்களும் வேண்டாம், நீலம் மங்கிப்போகும். லிக்விட் கொஞ்சம் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் கூடுதலாக ஒரு தடவை அலசுங்கள், இல்லையென்றால் கருநீலத்தின் மேல் வெள்ளைப் பூச்சு படியும். நிழலில், காற்றோட்டத்தில் காயவைக்க வேண்டும். உள்புறம் வெளியே இருந்தாலும் உச்சி வெயில் வேண்டாம். மழைக்காலத்தில் பட்டையும் பாக்கெட்டும் காய இரண்டு நாள் ஆகும். காயாமல் மடித்தால் வரும் வாடைக்கு மறுபடி துவைக்க நேரும்.

லாண்டரிக்குக் கொடுத்தால் அயர்ன் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேண்ட் என்றால் அவர் கை தானாகவே முன்பக்கம் கோடு எடுத்துவிடும். அந்தக் கோடு உரசி உரசி வெளுத்து, கால் முழுக்க ஒரு வெள்ளைக் கம்பியாக நின்றுவிடும்.

கால் நீளத்தை வெட்டித் தைப்பதை அவசரப்பட வேண்டாம். சான்ஃபரைஸ்டு என்றால் ஒரு துவைப்பு, லூம்ஸ்டேட் என்றால் இரண்டு மூன்று துவைப்பு முடிந்த பிறகு, வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு டெய்லர் முன்னால் நின்று குறி போடுங்கள். 16 அல்லது 18 நம்பர் ஊசி போடச் சொல்லுங்கள். பக்கத் தையல் மடிந்து குவிகிற இடத்தில் துணி பல அடுக்காகச் சேரும். அங்கே சுத்தியலால் நாலு தட்டு தட்டிச் சப்பையாக்கிவிட்டுத் தைத்தால் ஊசி உடையாது, தையலும் விட்டுப்போகாது.