சென்டர் பேக் ஜோடிக்குனு ஒரு ஆன்லைன் கோர்ஸ்: பாடி ஷேப் பாடம் அருமை, கடைசில வர்ற டூலை மட்டும் தொடாதீங்க

பதினேழு பதினெட்டு வயசு பசங்க ஆடுற ஒரு அமெச்சூர் ஃபுட்பால் டீமுக்கு நான் கோச். போன சீசன் முழுக்க எங்களுக்கு ஒரே தலைவலி, கோல்கீப்பர் பந்தை இடது பக்கம் நிக்கிற சென்டர் பேக்குக்கு (கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற ரெண்டு டிஃபென்டர்ல ஒருத்தன்) கொடுத்தா போதும், அங்க இருந்து அது முன்னாடி போகவே போகாது, ஒண்ணு கீப்பருக்கே திரும்பி வரும் இல்லன்னா டச்லைனுக்கு, அதாவது மைதானத்தோட ஓரக் கோட்டுக்கு, வெளிய போகும். எங்க சென்டர் பேக் ரெண்டு பேருமே வலது கால் பசங்க. இதுதான் காரணமா, இல்ல நான்தான் சரியா சொல்லிக்கொடுக்கலயானு குழம்பிப் போய் இருந்தப்பதான் சென்டர் பேக் ஜோடி பத்தி மட்டுமே பேசற ஒரு வீடியோ கோர்ஸ் கண்ணுல பட்டுச்சு, வாங்கிட்டேன். பேர் சொல்லப்போறதில்ல, ஆனா இதே மாதிரி நெறைய கோர்ஸ் விக்கறாங்க, எதை வாங்கறதா இருந்தாலும் உள்ள என்ன இருக்கணும்னு தெரிஞ்சுக்க இது உதவும்னு நினைக்கறேன்.

முதல் நல்ல விஷயத்த சொல்லிடறேன். பாடி ஷேப், அதாவது பந்து வாங்கும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்பி இருக்கணும்ங்கறது பத்தின பாடம் உண்மையிலேயே பிரமாதம். இடது பக்க சென்டர் பேக்குக்கு பந்து பெரும்பாலும் வலது பக்கத்துல இருந்துதான் உருண்டு வரும். இடது கால்காரன்னா அதை அப்படியே ஓட விட்டு தூரத்துல இருக்கிற இடது கால்ல எடுப்பான், உடம்பு தானா திறந்துக்கும், லெஃப்ட் பேக் (இடது ஓர டிஃபென்டர்), விங்கர் (ஓரமா முன்னாடி ஆடறவன்), நடுவுல இருக்கிறவன் எல்லாரும் கண்ணுல படுவாங்க, பிரெஸ் பண்ண, அதாவது நெருக்கிப் பந்தைப் பிடுங்க வர்ற எதிர் டீம் ஃபார்வர்டுக்கும் பந்துக்கும் நடுவுல இவனோட முழு உடம்பு இருக்கும். வலது கால்காரன் அதே பந்தை வலது கால்ல நிறுத்துவான், அப்ப பந்து ஃபார்வர்ட் ஓடி வர்ற பக்கமே நிக்குது, அவன் வளைஞ்சு ஓடி வந்து நடுப்பக்க பாஸை அடைச்சிட்டா மிச்சம் இருக்கிறது லைன் ஓரமா போற பாஸ் மட்டும்தான். அங்கதான் சிக்கல். வலது காலோட உள்பக்கத்தால அடிக்கிற பந்து இடது பக்கமா வளையும், அதாவது மைதானத்த விட்டு வெளிய. இடது கால்ல அடிச்சா அதே லைன் பாஸ் வெளிய போற மாதிரி போய் உள்ள வளைஞ்சு வரும், ஓடற விங்கரோட காலடியிலயே விழும். எங்க பையன் பாஸ் ஏன் எப்பவும் த்ரோ இன்ல முடியுதுனு ஒரு வருஷமா தெரியாம திட்டிட்டு இருந்தேன், இந்த ஒரு வீடியோ பாத்த அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. ஸ்லோ மோஷன்ல ஃபர்ஸ்ட் டச்சை மட்டும் தனியா வெட்டி வெட்டி காட்டறாங்க, பசங்களுக்கு போட்டு காட்டினேன், அவங்களே "கோச், நாமளும் இதேதான் பண்றோம்"னு சொன்னாங்க.

இது ஏன் இப்ப இவ்ளோ பெரிய பேச்சா ஆச்சுங்கறதையும் ஓரளவு சொல்றாங்க. 1992ல பேக்பாஸ் ரூல் வந்து, சொந்த டீம் ஆள் காலால திருப்பிக் கொடுக்கற பந்த கீப்பர் கையில எடுக்க முடியாம போச்சு, அப்புறம் 2019ல கோல் கிக் பந்து பெனால்டி ஏரியாவ விட்டு வெளிய போகணும்ங்கற கட்டாயத்த எடுத்துட்டாங்க, அதுல இருந்து சென்டர் பேக் தன்னோட பாக்ஸுக்குள்ளயே நின்னு பந்து வாங்கறான், எதிர் டீமும் அங்கயே வந்து நெருக்குது. அவ்ளோ சின்ன இடத்துல காலை மாத்திப் போட எடுக்கற அரை நொடி ரொம்ப பெரிசு. கோச் கார்டியோலா மான்செஸ்டர் சிட்டிக்கு லாபோர்த், ஆக்கே, க்வார்டியோல்னு வரிசையா இடது கால் ஆளுங்களா வாங்கினதும், ஆர்சனல்ல சலீபா வலது, கேப்ரியல் இடதுனு அமைஞ்ச ஜோடி 2023-24 இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல 29 கோல் மட்டும் விட்டதும் எல்லாம் உதாரணமா வருது.

சரி, இப்ப என் வருத்தம். இதையெல்லாம் காட்டிட்டு "ஒரு வலது ஒரு இடது இல்லாத ஜோடி முழுமையான ஜோடி இல்ல"னு அடிச்சு சொல்றாங்க பாருங்க, அத என்னால ஏத்துக்கவே முடியல. 2004-05ல செல்சி லீக் முழுக்க 15 கோல்தான் விட்டுச்சு, டெர்ரி கார்வால்யோ ரெண்டு பேருமே வலது கால்தான். உலகக் கோப்பை ஜெயிச்சவங்கள்லயும் 2010ல ஸ்பெயினோட பிக்கே புயோல், 2014ல ஜெர்மனியோட போடெங் ஹம்மல்ஸ், 2022ல அர்ஜென்டினாவோட ரொமேரோ ஒட்டமெண்டி, எல்லாமே வலது வலது. ரியல் மாட்ரிட் 2016, 2017, 2018னு மூணு வருஷம் தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக் அடிச்சப்ப இடது பக்கம் நின்ன ராமோஸ் வலது கால், பக்கத்துல பெப்பேவோ வரானோ யாரா இருந்தாலும் வலது கால். வான் டைக் 2018 ஜனவரில லிவர்பூல் வந்ததுல இருந்து இடது பக்கம்தான் நிக்கறாரு, வலது கால்காரர், அங்க இருந்து வலது விங்குக்கு அவர் போடற டயகனல் பாஸ் அந்த டீமோட பெரிய ஆயுதமா இருந்துச்சு. இதுல ஒண்ணு கூட கோர்ஸ்ல இல்ல. 2018 பிரான்ஸ் மட்டும் இருக்கு, ஏன்னா வரான் வலது, உம்டிட்டி இடது, அவங்க சொல்றதுக்கு பொருந்துது. ஒரு பாடம் எடுக்கிறவங்க தனக்கு எதிரா இருக்கிற உதாரணத்த மறைக்கக் கூடாதுங்க.

அந்த ஜோடிங்க எப்படி சமாளிச்சாங்கனு சொல்லிக் கொடுத்திருந்தா இந்த கோர்ஸ் எங்கயோ போயிருக்கும். மாட்ரிட்ல க்ரூஸ் கீழ இறங்கி ராமோஸுக்கு இடது பக்கமா வந்து பந்த வாங்கிப்பார், மார்செலோ மேல ஏறிடுவார், ராமோஸ் அந்த லைன் பாஸ அடிக்க வேண்டிய அவசியமே கம்மி. ஸ்பெயின்ல கப்டெவிலா, லிவர்பூல்ல ராபர்ட்சன், ரெண்டு பேரும் நல்ல இடது கால் லெஃப்ட் பேக். அதாவது சென்டர் பேக்கோட கால் பத்தி கேக்கறதுக்கு முன்னாடி அவனுக்கு அடுத்து நிக்கிறவன் யாருனு கேக்கணும். மூணு பேர் டிஃபென்ஸ்னா கதை வேற, ஓரத்துல நிக்கிற சென்டர் பேக் டச்லைன் வரைக்கும் போக வேண்டி வரும், அங்க இடது கால் ரொம்பவே உதவும், யுவென்டஸ்ல பர்ஸாலி, பொனுச்சி, கியெல்லினி நின்னப்ப இடது ஓரம் கியெல்லினிக்குனு இருந்தது அதனாலயும்தான்.

டிஃபென்ட் பண்றது பத்தின பாடம் ரொம்ப மெலிசு, பத்து நிமிஷம் கூட இல்ல. என்னைக் கேட்டா பந்து நம்மகிட்ட இல்லாதப்ப இந்த வலது இடது கணக்கு பாதி உடைஞ்சு போயிடும். இடது பக்க சென்டர் பேக் தன்னோட கோலைப் பார்த்து திரும்பி ஓடும்போது டச்லைன் அவனோட வலது கை பக்கம் வந்துடுது, அப்ப பந்தை வெளிய தள்ள வலது கால்தான் வசதி. அதே மாதிரி எதிர் டீமோட வலது விங்கர் இடது கால்காரனா இருந்து உள்ள வெட்டி வந்தான்னா இவனோட வலது கால் பக்கம்தான் வருவான், அங்க வலது கால்காரன் இருக்கிறது நல்லதுதான். இப்ப பாதி டீம் அப்படித்தான் ஆடுது, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

கடைசில ஜோடிக்கு மார்க் போடற ஒரு டூல் தர்றாங்க. பசங்களோட கால், உயரம், வேகம் எல்லாம் போட்டா யாரை யாரோட சேக்கணும்னு சொல்லும். நான் நம்பிட்டேன். எங்க கேப்டன் பையன் வலது கால், ஆனா லைன் புடிக்கறது (டிஃபென்ஸை ஒரே வரிசையா நிறுத்தறது), கத்தி சொல்றது, தலையில அடிக்கறது எல்லாத்துலயும் அவன்தான் முதல் ஆள். டூல் அவனை எடுத்துட்டு ஒரு இடது கால் லெஃப்ட் பேக்கை உள்ள கொண்டு வர சொல்லுச்சு, செஞ்சேன். மூணு மேட்ச். பந்து நல்லா வெளிய வந்துச்சு, அது உண்மை, ஆனா ரெண்டு பேர்ல யார் ஏறணும் யார் நிக்கணும்னு யாருமே சொல்லல, நடுவுல ஓட்டை விழுந்துச்சு, கார்னர் ஒவ்வொண்ணும் பயமா இருந்துச்சு. கேப்டன் எதுவும் கேக்கல, வெளிய உக்காந்து பாத்துட்டு இருந்தான், அது இன்னும் மனசை உறுத்துது. குரல் கொடுக்கறதுக்கு அந்த டூல்ல கட்டமே கிடையாது. சப்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டேன், பதில் ரெண்டு நாள்ல வந்துச்சு, மரியாதையாவும் இருந்துச்சு, ஆனா டூல் சொல்றதத்தான் திருப்பி சொன்னாங்க.

ட்ரில்ஸ் பகுதி நல்லா இருக்கு. பந்து வர்றதுக்கு முன்னாடியே அரை ஸ்டெப் பின்னாடி போய் உடம்ப திறக்கறது, இடது காலால முதல் டச் மட்டும் எடுத்து ரெண்டாவது டச்ல வலது காலால பாஸ் பண்றது, சுவத்துல அடிச்சு பழகறதுனு எளிமையா இருக்கு. கேப்டனை திரும்ப உள்ள கொண்டு வந்து இதையே வாரத்துக்கு மூணு நாள் இருபது நிமிஷம் செய்ய வெச்சேன். முதல்ல "என் இடது கால் மரக்கட்டை மாதிரி இருக்கு கோச்"னான். அவன் இடது கால்காரனா மாறல, மாறவும் வேண்டாம், ஆனா எதிர் ஃபார்வர்டுக்கு இப்ப எந்தப் பக்கம் அடைக்கறதுனு தெரியல, அந்த சந்தேகமே அவனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்குது.

வீடியோ தரம் தெளிவு, டவுன்லோட் பண்ணி பாக்கலாம், பேசறவர் கொஞ்சம் வேகமா பேசறார், நிறுத்தி நிறுத்திதான் பாக்கணும். பெரிய கிளப்ல இருந்துகிட்டு வேணுங்கற ஆளை வாங்கற நிலைமைல இருக்கிறவங்களுக்கு இந்த கோர்ஸ் சொல்ற விதி ஒத்துவரலாம். இருக்கிற பசங்களை வெச்சே ஆடணும்ங்கற என்னை மாதிரி கோச்சுங்க பாடி ஷேப்பும் ட்ரில்ஸும் தனியா கிடைச்சா மட்டும் வாங்குங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறேன், அந்த மூணும் பாடி ஷேப் பாடத்துக்குத்தான். இப்ப எங்க டீம்ல கேப்டன் இடது சென்டர் பேக், அந்த இடது கால் பையன் மறுபடி அவனுக்குப் பக்கத்துலயே லெஃப்ட் பேக்.