பர்மா தேக்குன்னு சொல்லி பச்சை மாமரத்தை மாட்டி விட்டாங்க, ரைபிளுக்கு முழுக்கட்டை போட ஆசைப்படுறவங்க படிச்சிட்டுப் போங்க

எழுதணும் எழுதணும்னு ஒரு வருஷமா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். நேத்து சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போன் பண்ணி, அண்ணே என் ரைபிளுக்கும் முழுக்கட்டை, அதான் பேரல் (குழல்) முனை வரைக்கும் மரம் போடப் போறேன், பாக்க கெத்தா இருக்கும்லன்னான், அதான் இன்னைக்கு உக்காந்துட்டேன்.

முதல்லயே சொல்லிடுறேன், இது வேட்டைக்கதை இல்ல. 1972 வனவிலங்குச் சட்டம் வந்ததோட வேட்டை முடிஞ்சுபோச்சு, நம்ம பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிலயும் வேட்டங்குடிப்பட்டிலயும் பறவை பயந்துரும்னு தீவாளிக்கு வெடியே போடாத ஊர்க்காரங்க நாங்க. என்கிட்ட இருக்கது ஐயா (தாத்தா) வாங்கின செக்கோஸ்லோவாக்கியா பிர்னோ .22 ரைபிள், லைசென்ஸ் ஐயா பேர்ல இருந்து அப்பச்சிக்கு (அப்பாவுக்கு), அப்பச்சிக்கு அப்புறம் எனக்கு. மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் ரேஞ்ச்ல 50 மீட்டர்ல பேப்பர் டார்கெட் சுடுவேன், அவ்வளவுதான்.

2024 எலக்‌ஷனுக்கு லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னாங்கல்ல, நான் ஸ்டேஷன்ல கொடுக்காம லைசென்ஸ் உள்ள ஒரு கடைல கொடுத்தேன் (கடை பேர் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, சொல்ல மாட்டேன்). ஜூன்ல திரும்ப வாங்கப் போனா கட்டைல, கை பிடிக்கிற இடத்துல, நீளமா ஒரு விரிசல். கொடுக்கும்போது இல்லவே இல்ல. கேட்டா "இருந்துச்சே அண்ணே, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, எழுபது வருஷத்து மரம்ல"ன்னு அவ்வளவு பாசமா சொல்றாரு. கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தா அங்கேயே பேசியிருப்பேன், எடுக்கல, வாயடைச்சுப் போச்சு.

அப்புறம்தான் ஆரம்பிச்சாரு. இந்த அரைக்கட்டையை (பேரல்ல பாதி வரைக்கும் மட்டும் மரம்) ஒட்டி என்ன பண்ணப் போறீங்க, மேன்லிச்சர் ரைபிள் மாதிரி முழுக்கட்டை போட்டுரலாம், கண்டனூர்ல ஒரு வீட்டை இடிச்சப்ப வாங்கின பர்மா தேக்குத் தூண் இருக்கு, நூறு வருஷம் காஞ்ச மரம், பேரலை முனை வரைக்கும் கெட்டியாப் பிடிச்சுக்கும், குறி இன்னும் சுத்தமா விழும்னு. செட்டிநாட்டுக்காரன்கிட்ட பர்மா தேக்குன்னு சொன்னா புத்தி வேலை செய்யாதுன்னு யாரோ அவருக்கு நல்லா சொல்லிக் கொடுத்திருக்காங்க. எங்க ஐயா பர்மால கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவரு, வீட்டுத் தூணெல்லாம் அங்க இருந்து வந்தது, நான் உருகிட்டேன். 38,000 ரூபா. பில்லுல "ஸ்டாக் ஒர்க்"னு மட்டும் எழுதியிருந்தாரு, என்ன மரம்னு இல்ல, அதையும் நான் கவனிக்கல.

ஆவணில கைக்கு வந்துச்சு. அழகுன்னா அழகு, கருஞ்சிவப்பா பளபளன்னு, முனைல ஸ்டீல் மூடி போட்டு. வெயில் காலமா இருந்ததால ரேஞ்ச்ல சைட்டை சரிபண்ணினப்ப நல்லாவே விழுந்துச்சு. தீவாளி கழிஞ்சு நவம்பர்ல போனேன், அந்த வாரம் முழுக்க மழை. அஞ்சு தோட்டாவும் ரெண்டு இஞ்ச் இடதுல, கொஞ்சம் கீழ. சரி நம்ம கைதான் ஆடுதுன்னு சைட்டை மறுபடி திருப்பி வச்சேன். தை முடிஞ்சு போனா இப்ப வலது பக்கம் போகுது! மாசில இன்னும் கொஞ்சம். பழைய கட்டைல அஞ்சு தோட்டாவை ஒரு அஞ்சு ரூபா காயினுக்குள்ள அடக்குன துப்பாக்கி இது, இப்ப மூணு இஞ்சுக்கு சிதறுது. நான் தோட்டாவைக் குறை சொன்னேன், என் கண்ணைக் குறை சொன்னேன், கண்ணாடி கூட மாத்தினேன் (அது தனி செலவு 4,500).

ரேஞ்ச்ல ஒரு பெரியவர், ரிட்டயர்டு ஆர்மிக்காரர், பாத்துட்டு சிரிச்சாரு. "தம்பி ஒரு பத்து ரூபா நோட்டு இருந்தா கொடுங்க"ன்னாரு. வாங்கி பேரலுக்கும் மரத்துக்கும் நடுவுல சொருகி பின்பக்கம் இருந்து மெல்ல இழுத்துக்கிட்டே வந்தாரு. பாதி தூரம் வழுக்கிட்டு வந்துச்சு, முனைக்கு நாலு விரக்கடை முன்னாடி வலது பக்கம் கவ்வுன கவ்வுல நோட்டு கிழியப் பாத்துச்சு. அப்புறம் முன்மூடி ஸ்க்ரூவை அரைச் சுத்து தளர்த்திட்டு சுடச் சொன்னாரு, குரூப், அதாவது தோட்டாக்கள் விழுற கூட்டம், அப்படியே மேல ஏறிருச்சு. வேற ஒண்ணுமே மாத்தல, அரைச் சுத்து, அவ்வளவுதான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். சுடும்போது பேரல் தந்தி மாதிரி அதிரும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தாத்தான் தோட்டா ஒரே இடத்துக்குப் போகும். எதுவும் தொடாம சும்மா விட்டா ஒரே மாதிரி அதிரும், இல்ல ஒரே அழுத்தத்துல எப்பவும் தொட்டுக்கிட்டு இருந்தாலும் பரவால்ல. மரம் ஒரு நாள் தொட்டு ஒரு நாள் விடுறதுதான் வினை. ஐப்பசில நம்ம வீட்டு இரண்டாம் கட்டுக் கதவு நிலைல சிக்கிக்கிட்டுத் தோளால இடிச்சாத்தான் திறக்கும், பங்குனில விரலால தள்ளினா போதும், அதே கதைதான். மரம் நீளவாக்குல பெருசா மாறாது, குறுக்கால தான் ஊதும், ரேகை ஒரு பக்கமா ஓடியிருந்தா ஒரு பக்கம் மட்டும் ஊதி வளையும். அரைக்கட்டைல அந்த வளைவு பேரலைத் தொடுறதுக்கு இடம் கம்மி. முழுக்கட்டைல முனை வரைக்கும் மரம், முனைலதான் கொஞ்சம் தள்ளினாலும் குறி நல்லா விலகும், அங்கயே ஒரு இரும்பு மூடியையும் போட்டு இறுக்கினா கேக்கணுமா. பெரிய காலிபர்ல (பெரிய தோட்டா போடுற ரைபிள்ல) இன்னொரு வம்பும் உண்டு, நாலஞ்சு ரவுண்டு சுட்டதும் பேரல் சூடாகி நீளும், மூடி இறுக்கமா இருந்தா முட்டிக்கிட்டு ஒவ்வொரு தோட்டாவும் கொஞ்சம் கொஞ்சமா நகரும். நம்ம .22ல சூடு பெருசா இல்ல, ஈரம்தான் எமன்.

அப்ப மேன்லிச்சர் எப்படி நல்லா சுட்டுச்சுன்னு கேட்டேன். ஆஸ்திரியால ஸ்டையர்ல செஞ்ச 1903 மாடல் மேன்லிச்சர் ஷோனாவர், 6.5 மில்லிமீட்டர், பேரலே 450 மில்லிமீட்டர்தான், மலையேறித் தோள்ல போட்டுட்டுப் போற குட்டை ரைபிள். மரம் நல்லா காஞ்ச வால்நட், கையால உக்கார வச்சது, வேட்டைக்காரனுக்கு வேண்டியது ஆறின பேரல்ல முதல் தோட்டா, உங்களை மாதிரி வரிசையா அஞ்சு குரூப் இல்லன்னாரு. நம்ம வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலைல செஞ்ச லீ என்ஃபீல்டு ரைபிளும் முனை வரைக்கும் மரம்தான், ஆனா அதுல முனைக்கிட்ட பேரலுக்குக் கீழ ஸ்பிரிங் வச்ச ஒரு சின்ன ஸ்டட் (முளை) உண்டு, அழுத்தம் ஒரே மாதிரி இருக்கணும்னே வச்சது. ஆக முழுக்கட்டைனாலே குறி கெட்டுப்போகும்னு இல்ல, பேரலைக் கெட்டியா பிடிச்சா குறி சுத்தமாகும்னு சொன்னதுதான் பச்சைப் பொய்.

ஊருக்கு வந்து, லைசென்ஸ் உள்ள வேற ஒரு ரிப்பேர்காரர்கிட்ட கொடுத்து இரும்பையும் மரத்தையும் தனியாப் பிரிச்சேன். வெறும் கட்டையை மட்டும் எடுத்துட்டு வந்து எங்க வீட்டுக்கு மூணு தலைமுறையா மரவேலை பாக்குற ஆசாரி அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் வெளிய பாக்கவே இல்ல, மூடி இருந்த முனைல உளியால ஒரு சீவல் சீவினாரு, மூக்குல வச்சாரு, என்கிட்ட நீட்டினாரு. தேக்குன்னா தோல் மாதிரி ஒரு எண்ணெய் வாசம் வரும், கைல லேசா வழுக்கும். இது வெளிறிப்போய் காஞ்ச வைக்கோல் மாதிரி இருக்கு. "தம்பி, இது மாமரம், அதுவும் சரியாக் காயாதது, சாயம் ஏத்தியிருக்கான்"னாரு. உள்ள பேரல் உக்காரற பள்ளத்துல வார்னிஷும் இல்ல, ஒரு கை எண்ணெய் கூட இல்ல, வெள்ளை மரம் அப்படியே. வெளிய மட்டும் மினுக்கு. பழைய சாமான் கடைகள்ல போன மாசம் செஞ்ச பெட்டியை நூறு வருஷம்னு விக்கிற வித்தை ஒண்ணும் நமக்குப் புதுசில்ல, ஆனாலும் நானே ஏமாந்தேன் பாருங்க.

சீவலைப் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டுக் கடைக்குப் போனேன். "மழைக்கு எல்லா மரமும் அப்படித்தான் அண்ணே"ன்னாரு. தேக்கே இல்லையேன்னேன், "பில்லுல தேக்குன்னு எங்க இருக்கு"ன்னாரு. சரி என் பழைய கட்டையையாவது கொடுங்கன்னேன், அது அடுப்புக்குப் போயிருச்சாம். ஐயா கன்னம் வச்சு வச்சு ஒரு இடம் வழவழன்னு தேஞ்சிருக்கும், அந்தக் கட்டை. பணம் போனதை விட அதுதான் இன்னும் உறுத்துது.

ரிப்பேர்காரர் மாங்கட்டையை சரிபண்ணலாம்னு பள்ளத்தை அகலமாக்கி, பேரல் தொடாத மாதிரி விட்டு, உள்ளயும் முனைலயும் வார்னிஷ் ஏத்தினாரு. ரெண்டு மாசம் ஓடுச்சு, சித்திரை வெயில்ல கட்டையே வளைஞ்சு மறுபடி தொட்டுக்கிச்சு. கடைசில சாதா வால்நட் அரைக்கட்டை ஒண்ணு போட்டாச்சு, பில்லுல மரத்து பேரோட. இந்த மழைக்கு ரெண்டு தடவை சுட்டுப் பாத்தேன், குரூப் காயின் அளவுக்குத் திரும்பிருச்சு.

முழுக்கட்டை வேணும்னே இருக்கவங்க மரத்தைப் பூசுறதுக்கு முன்னாடி நேர்ல பாருங்க, வாங்கும்போது நோட்டு சொருகிப் பாருங்க, பேரல் பள்ளத்துக்குள்ள வார்னிஷ் இருக்கான்னு பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க, துப்பாக்கியை எங்க ஒப்படைச்சாலும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு ரசீதுல நிலைமையை எழுதி வாங்குங்க.

போன மாசம் அதே கடைக்காரர் எனக்கே போன் பண்றாரு, நம்பரைப் பாக்கல போல. "அண்ணே வணக்கம், கண்டனூர்ல ஒரு வீடு இடிச்சாங்க, நல்ல பர்மா தேக்குத் தூண் வந்திருக்கு"ங்கிறாரு. எத்தனை தூண்தான்யா அந்த வீட்டுலன்னு கேட்டேன், லைன் கட்டாயிருச்சு.