அணைத்தால் மறந்துவிடும் குழல் விளக்கு: இரவில் கார் படமெடுக்க இரண்டு வருடப் பயன்பாடு

இரவில் காரைப் படமெடுக்கப் பழகும் நண்பர் ஒருவர், "இந்த ஒரு மீட்டர் எல்.ஈ.டி. குழலையே வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கேமராவின் ஷட்டரைப் பல நொடி திறந்து வைத்துவிட்டு, இருட்டில் விளக்கோடு காரின் பக்கமாக நடந்து வெளிச்சம் தீட்டும் வேலைக்குத்தான் கேட்கிறார். என்னிடம் இருக்கும் குழல் இரண்டு வருடம் உழைத்துவிட்டது, இப்போதுதான் பேட்டரியும் மாற்றியாயிற்று. எத்தனை வாட், எத்தனை கெல்வின் (ஒளி மஞ்சளா நீலமா என்று சொல்லும் அளவு) என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. கார் பெயிண்ட்டின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சு இருக்கிறது. கறுப்பு வண்டியென்றால் அது முழுக்கக் கண்ணாடிதான். டார்ச் அடித்தால் ஒரு புள்ளி மினுங்கும், கூடவே துடைத்துத் துடைத்து விழுந்த வட்டக் கீறல் அத்தனையும் எழுந்து வரும். குழலைக் காரின் நீளவாக்கில் பிடித்துக்கொண்டு ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரை நடந்தால், தோள்கோட்டில் (ஜன்னல்களுக்குக் கீழே நீளும் மடிப்பில்) ஒரே வெளிச்சக் கோடு உடையாமல் ஓடும். கதவின் வளைவும் வீல் ஆர்ச்சின் புடைப்பும் அந்தக் கோட்டில்தான் உயிர் பெறுகின்றன. வெளிச்சத்தை 20% வரை இறக்கினாலும் நிறத்தில் பச்சை தட்டுவதில்லை. இந்த விஷயத்தில் நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

பழகுகிறவர்கள் முதலில் குழம்பும் இடம் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்பது. டிரைபாட், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 20 நொடி என்று ஆரம்பிக்கலாம். ஆனால் கோட்டின் பிரகாசத்துக்கும் அந்த 20 நொடிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மீட்டர் குழலை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்த்தினால், கதவின் எந்தப் புள்ளியிலும் அதன் பிம்பம் ஒரு நொடிதான் தங்கும். ஷட்டர் 20 நொடி திறந்திருந்தாலும் 60 நொடி திறந்திருந்தாலும் அந்த ஒரு நொடி மாறாது. வானமும் பின்னணியும்தான் மாறும். கோடு வெளுத்துப்போனால் ஷட்டரைத் தொடாதீர்கள். துளையைச் சுருக்கி எஃப் 11-க்குப் போங்கள், அல்லது குழலின் வெளிச்சத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு மடங்கு வேகமாக நடங்கள். இரண்டு மடங்கு வேகம் என்றால் ஒரு ஸ்டாப் குறையும், அதாவது வெளிச்சம் பாதியாகும். தள்ளிப் பிடித்துப் பயனில்லை. கறுப்புக் காரில் தள்ளத் தள்ளக் கோடு மெலியும், பிரகாசம் அப்படியே இருக்கும். வெள்ளைக் கார் நேர்மாறு: ஒளியைச் சிதறடிக்கும், அதனால் தூரமும் கணக்கில் வரும், பெரும்பாலும் இரண்டு ஸ்டாப் வரை இறக்க வேண்டிவரும்.

நாலரை மீட்டர் வண்டியைக் கடக்க ஐந்தாறு நொடி போதும். கறுப்பு முழுக்கைச் சட்டை, கேமராப் பக்கம் திரும்பும் குழலின் முதுகில் கறுப்பு டேப், நிற்காத நடை. இவை மூன்றும் இருந்தால் நடப்பவர் படத்தில் விழமாட்டார். கை ஏறி இறங்கினால் கோடும் ஏறி இறங்கும், ஆகவே குழலின் அடியை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பது நல்லது.

இனி அந்த ஒரு விஷயம். இந்த விளக்கை அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. 20%, 3200 கெல்வினில் வைத்து அணையுங்கள். மறுபடி போட்டால் 100%, 5600 கெல்வின். ஒவ்வொரு முறையும்.

அறையில் வீடியோ எடுப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. காருக்கு ஒரே ஃபிரேமில் வேலை முடிவதில்லை. வெளிச்சமே போடாமல் ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று, பானட்டுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, வீல்களுக்குத் தனித்தனியாக, முன் கிரில்லுக்கு ஒன்று, ஹெட்லைட்டை ஒரு நொடி போட்டு ஒன்று என்று எட்டு ஃபிரேமாவது எடுத்து, பிறகு கணினியில் லேயர்களாக அடுக்கி, ஒவ்வொரு இடத்திலும் பிரகாசமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் 'லைட்டன்' முறையில் சேர்க்க வேண்டும். குழல் வேண்டிய ஒவ்வொன்றிலும் ஷட்டர் திறந்த பிறகு விளக்கு எரிய வேண்டும், மூடுவதற்குள் மறைய வேண்டும். அதாவது ஒரு வண்டிக்கு ஆறு முறையாவது அணைத்துப் போட வேண்டும். 20-லிருந்து 100 என்பது ஐந்து மடங்கு, 2.3 ஸ்டாப். எட்டி நடந்தாலும் அதைச் சமாளிக்க முடியாது. கதவு வெள்ளைக்காகிதமாகிவிடும், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலும் மீளாது. நிறமும் மாறிவிடுவதால், பானட் நீலமாகவும் கதவு மஞ்சளாகவும் லேயர்கள் சண்டை போடும். 100-இல் எரியும் விளக்கை, இருட்டில் குமிழைத் திருகி மறுபடி 20-க்குக் கொண்டுவருவதற்குள் எக்ஸ்போஷர் பாதி ஓடிவிடும். தொழில் தெரிந்தவர்களுக்கென்றே விற்கும் விளக்கில், இரண்டு எண்களை நினைவில் வைக்கும் வசதியைத் தராததை என்னால் மன்னிக்க முடியவில்லை. சார்ஜ் போர்ட்டில் மின்சாரம் மட்டும்தான் போகிறது, தரவு போகாது. ஆக, மென்பொருள் திருத்தத்துக்கும் வழி கிடையாது.

மாற்று வழி உண்டு. அணைக்கவே கூடாது. தடித்த கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, குழலைவிட ஒரு சாண் நீளமாக உறை போட்டு, எரியும் குழலை அதற்குள் வைத்திருக்க வேண்டும். ஷட்டர் திறந்ததும் உறையை உருவி, நடந்து, கடைசியில் மாட்ட வேண்டும். 20%-இல் சூடு பிரச்சினை இல்லை. 100%-இல் உறைக்குள் வைக்காதீர்கள். ஒரு நுணுக்கம்: கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரை எப்போதும் எரிகிறது. குழலின் முதுகை டேப்பால் மூடியும், கார் நெடுகத் தலைமுடி தடிமனில் ஒரு நீலக் கீற்று படத்தில் வந்துகொண்டே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும், திரையின் ஒளி அது. அதன் மேல் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிய பிறகு போனது. ஆனால் இப்போது எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று பார்க்க டேப்பைப் பிய்க்க வேண்டும்.

இன்னொன்று, சிறியது. குழலைக் குறுக்காகப் பிடித்து பானட்டின் மேல் முன்னிருந்து பின்னாக இழுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு எல்.ஈ.டி.யும் ஒரு கோடு போடும். சீப்பு வாரியது மாதிரி இருக்கும். நீளவாக்கில் நகர்த்தும்போது இந்தப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஓடி மறைந்துவிடுகின்றன. டிரேசிங் பேப்பரை ஒரு சுற்று சுற்றினால் சரியாகும், கொஞ்சம் வெளிச்சம் போகும், அவ்வளவுதான்.

பேட்டரி விஷயம். உள்ளே 18650 என்ற வகை லித்தியம் செல் இரண்டு, தொடராக, 7.4 வோல்ட். புதிதில் பாதி வெளிச்சத்தில் இரண்டரை மணி நேரம் நின்றது, போகப்போக ஒரு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. மாற்றும்போது இரண்டு செல்லும் ஒரே வகை, ஒரே திறன், ஒரே வயதாக இருக்க வேண்டும். நேரடியாக சால்டர் அயர்ன் வைத்தால் சூட்டில் செல் கெட்டுவிடும். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டு செய்ததையே வாங்கி, பட்டையில் ஒயரை இணையுங்கள். பாதுகாப்புச் சர்க்யூட்டை விட்டுவிட்டு இணைக்க வேண்டாம். நான்கு திருகு, ஒரு மூடி, அரை மணி நேர வேலை. பழுது பார்க்க இவ்வளவு எளிதாக ஒரு விளக்கைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதே ஆட்கள் சார்ஜ் போர்ட்டில் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டை வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அதனால் இரு முனையும் யு.எஸ்.பி. சி வகையாக இருக்கும் கேபிளில் சார்ஜ் ஏறாது. ஒரு முனை ஏ வகையாக உள்ள பழைய கேபிளைப் பையில் தனியாக வைத்திருக்க வேண்டும்.

விளக்குக்கு அப்பால் சில. ஹெட்லைட் தவிர மற்ற எல்லா ஃபிரேமும் எடுத்து முடிக்கும்வரை காரின் கதவைத் திறக்காதீர்கள். திறந்து மூடினாலே சஸ்பென்ஷனில் வண்டி சில மில்லிமீட்டர் அசையும், அடுக்கும்போது விளிம்புகள் இரட்டிக்கும். ஹெட்லைட்டைப் போடக் கதவைத் திறக்க வேண்டியிருப்பதால், அந்த ஃபிரேமைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இதுதான். நீண்ட எக்ஸ்போஷரில் விழும் புள்ளிகளைக் கேமராவே நீக்கும் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதியை அணைத்துவிடுங்கள். 20 நொடிப் படத்துக்கு இன்னொரு 20 நொடி காத்திருக்க வைக்கும், அதற்குள் பனி இறங்கிவிடும். பனி படிந்த பானட்டில் கோடு நொறுங்கித்தான் விழும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஒன்று வண்டிக்கு, ஒன்று லென்சுக்கு.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இன்று வரை கையில் இருக்கும் விளக்குகளில் இதைப்போல் கோடு போடுவது வேறில்லை. அடுத்த முறையும் இதைத்தான் எடுத்துப்போவேன். ஆனாலும் வாங்க வேண்டாம். பழகுகிறவருக்கு நடை, உயரம், வேகம் என்று கவனிக்க ஆயிரம் இருக்கிறது. உறையோடும் டேப்போடும் மல்லுக்கட்டுவது அவர் வேலை இல்லை. வேறு குழலைக் கடையில் பார்க்கும்போது 20%, 3200 கெல்வினில் வைத்து அணைத்துவிட்டு, பத்து நொடி கழித்துப் போட்டுப் பாருங்கள். அதே எண்கள் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.