மலையேறித் தேடும் ஓய்வா, ஒப்படைத்துப் பெறும் ஓய்வா?

வெள்ளி விலை ஆட்டம் காணும்போதெல்லாம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும். முன்பு அதற்கு ஒரே மருந்து ஏற்காடுதான். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே காற்று குளிர்ந்துவிடும். உடம்புக்கு அது நல்லது, மறுக்கவே மாட்டேன். ஆனால் இரவில் மலைமேல் இருக்கும் 'லேடீஸ் சீட்' காட்சி முனையில் நின்று கீழே மின்னும் சேலத்தைப் பார்த்தால், கண் தானாகவே செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போய்ப் பட்டறையைத் தேடும். கவலையும் என்னோடு பஸ் ஏறி வந்திருக்கும்.

இன்னொரு ஓய்வு வீட்டிலேயே கிடைக்கிறது. மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில், பாரம் சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் இயேசு, அடுத்த வசனத்திலேயே தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். இது எனக்கு வெகுநாள் புரியவில்லை. நுகம் என்றால் வேலைதானே? ஏர் மாடுகளைப் பார்த்தபோது பிடிபட்டது. நுகத்தடி இரண்டு கழுத்துக்கானது. வேலை நிற்பதில்லை, தனியாக இழுப்பதுதான் நின்றுபோகிறது.

இப்போது ராத்திரி கணக்கு நோட்டை மூடி, அதன்மேல் கை வைத்து, கட்டவேண்டிய தவணையையும் வராத பாக்கியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்கிறேன். சில நாள் நடுராத்திரியில் விழித்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வேன். அப்புறம் மறுபடி கொடுப்பேன்.

மே மாதக் கோடை விழாவுக்குப் பிள்ளைகளோடு மலைக்கு இன்றும் போகிறோம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால், நோட்டின்மேல் கை வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் எடுப்பேன். நேற்று 10 மணிக்குப் படுத்தேன். பால்காரர் மணியடித்துத்தான் எழுந்தேன்.