டேம்பிங் ஷீட் ஒட்டக் கொடுக்கிறீர்களா? டோர் பேடை மூடுவதற்கு முன் நேரில் பாருங்கள்

ஸ்பீக்கர் மாற்றியபின் கார் கதவுகள் கடகடவென்று அதிர ஆரம்பித்தால், ஆடியோ கடைக்காரர்கள் முதலில் சொல்வது, கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் டேம்பிங் ஷீட்தான். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள், நான்கு கதவுக்கும் முழுசாக ஒட்டித் தருகிறோம் என்று பேசி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டியை எடுத்து பாஸ் தூக்கலான பாட்டு ஒன்றைப் போட்டால் அதே கடகட. கேட்டதற்கு, "ஷீட் செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார்கள். அது பொய். சுத்தம் செய்த தகட்டில் ரோலரால் அழுத்தி ஒட்டிய ஷீட் அன்றைக்கே வேலை செய்யும்.

வெயில் ஏறியதும் காருக்குள் தார் வாடை. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருந்தது பியூட்டைல் அல்ல, கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட். சூட்டில் இளகி, ஒரு துண்டு வழுக்கி இறங்கி ஸ்பீக்கரின் காந்தத்தின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் கறுப்பு நூலாக இழுத்தது. துடைக்காத தூசியின்மேலேயே ஒட்டியிருந்ததால் மற்ற துண்டுகளும் ஓரம் பிரிந்து நின்றன.

இதைவிட மோசம், கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்து வைத்திருந்தார்கள். கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வெளியேற இருப்பது அந்தத் துளைகள் மட்டுமே. அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். எனக்கு உள்ளே தண்ணீர் நின்றிருந்தது. தண்ணீர் இருக்கைப் பக்கம் வராமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். டோர் பேடைப் பிடிக்கும் கிளிப்புகளில் பாதி உடைந்திருந்தன. கேட்ட சத்தத்தில் ஒரு பங்கு அவர்கள் புதிதாக உண்டாக்கியது.

மீதிச் சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? லாக் கம்பி தகட்டில் இடித்தது, ஒரு ஒயர் பிளக் ஆடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர் ஸ்குரூ லூசாக இருந்தது. டேம்பிங் ஷீட் தகடு அதிர்வதைத்தான் அடக்கும். ஒன்றோடொன்று இடிக்கும் பொருட்களுக்கு நடுவில் ஃபோம் வைக்க வேண்டும், இல்லையென்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அந்த மெக்கானிக் செய்தது எளிமையான வேலை: 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, சத்தம் வரும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்திப் பார்த்தார். கை வைத்ததும் எங்கே சத்தம் நிற்கிறதோ அதுதான் இடம். நம்பர் பிளேட்டையும் விடாதீர்கள், டிக்கியில் சப்வூஃபர் (பாஸுக்கென்று உள்ள பெரிய ஸ்பீக்கர்) இருந்தால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் வர வேண்டும்.

பழைய கடையில் போய்க் கேட்டேன். "வெயிலுக்கு எல்லா ஷீட்டும் இளகத்தான் செய்யும்" என்று கூசாமல் சொன்னார்கள். நல்ல பியூட்டைல் கார் சூட்டுக்கு அப்படி இளகி ஓடாது. பில்லில் "டேம்பிங் வேலை" என்று மட்டும் எழுதியிருந்ததால் பணம் திரும்பவில்லை.

அதனால் என்ன பொருள் ஒட்டப்போகிறார்கள் என்பதைப் பெயரோடு பில்லில் எழுதி வாங்குங்கள். ஷீட் துண்டு ஒன்றை முன்கூட்டியே கேட்டு முகர்ந்து பாருங்கள். தார் வாடை அடித்தால் வேண்டாம். கதவு முழுக்க ஒட்டினால்தான் பலன் என்று அதிகப் பணம் கேட்பார்கள். ஆனால் பெரிய தகட்டின் நடுவில் கால்வாசிப் பரப்பு ஒட்டினாலே அதிர்வு நன்றாக அடங்கிவிடும். அப்புறம், டோர் பேடை மூடும் முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கதவின் அடியிலிருந்து அது சொட்டுவதைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.