தாடைக்கு போடாக்ஸும் ஃபில்லரும் சேர்த்து: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போட்டுக்கொள்வது இன்று புதுச்சேரியில் யாரும் ஒளித்துப் பேசும் செய்தியாக இல்லை. ஆனால் வாய்க்குக் கீழே, அதாவது மோவாய், தாடையோரம், கழுத்து தொடங்கும் இடம் ஆகியவற்றுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு வயது தெரிந்தது அங்கேதான். வாயோரங்கள் இரண்டும் கீழ்நோக்கி இறங்கியிருந்தன. மோவாயின் இரு பக்கமும் சிறு பள்ளம் விழுந்து, அதற்குப் பின்னால் சதை தொங்கி, தாடைக் கோடு நேராக ஓடாமல் ஏறி இறங்கித் தெரிந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து கல்லூரிக்குப் போன நாட்களில்கூட “மேடத்துக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லையா?” என்று மாணவிகள் கேட்பார்கள். அந்தச் சோர்வான தோற்றத்தைக் குறைக்கவே சிகிச்சைக்குப் போனேன். இருபது வயது முகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கீழ் முகம் ஏன் இவ்வளவு சிக்கலானது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஏன் ஒரே ஊசி போதாது என்பதும் புரியும். வயதாகும்போது தாடை எலும்பு கரைந்து சிறுக்கிறது. அதன் மேலிருக்கும் கொழுப்புப் பொதிகள் சில இடங்களில் வற்றுகின்றன, சில இடங்களில் சரிகின்றன. தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது. இவை நடந்துகொண்டிருக்கும்போதே வாயோரத்தைக் கீழே இழுக்கும் தசைகளும், கழுத்தின் மேல் விரிப்புபோல் படர்ந்திருக்கும் பிளாட்டிஸ்மா என்ற தசையும் தங்கள் இழுப்பை விடுவதில்லை. தாங்கும் பொருள் குறைகிறது, இழுக்கும் விசை அப்படியே இருக்கிறது. தசையைத் தளர்த்தும் ஊசி மருந்தான போடாக்ஸ் இழுப்பைக் குறைக்கும், ஆனால் பள்ளத்தை நிரப்பாது. தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் பொருளான ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும், ஆனால் தசையின் இழுப்பை நிறுத்தாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதன் காரணம் இதுதான்.

நான் பார்த்த தோல் மருத்துவர் முதல் சந்திப்பில் ஊசியையே எடுக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்கள் இல்லாததைக் கவனித்து, “முதல்ல பல் டாக்டரைப் பாத்துட்டு வாங்கம்மா, அங்க தாங்கல் இல்லாம நான் மேல எவ்வளவு வெச்சாலும் நிக்காது” என்று அனுப்பிவைத்தார். பல் போன இடத்தில் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும் என்பதும், கடிக்கும் உயரம் குறைந்தால் வாயோரம் தானே மடிந்துவிடும் என்பதும் அதற்குப் பிறகே எனக்குத் தெரிந்தன. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் வைத்து முடிக்கவே பல மாதங்கள் ஆயின. அந்தத் தாமதத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன், ஏனென்றால் பிறகு தேவைப்பட்ட ஃபில்லரின் அளவு அதனால் குறைந்தது.

போடாக்ஸ் போட்ட நாளை விரிவாகவே சொல்ல வேண்டும். நாற்காலியில் சாய்ந்து படுக்க விடவில்லை, நிமிர்ந்து உட்காரச் சொன்னார்கள். படுத்தால் தொங்கல் பின்னோக்கிச் சரிந்து மறைந்துவிடும். பல்லைக் கடிக்கச் சொன்னார், “ஈ” என்று இழுக்கச் சொன்னார், கீழ் உதட்டை வெளியே தள்ளி முகத்தைச் சுளிக்கச் சொன்னார். சுளிக்கும்போது மோவாய்த் தோல் முழுவதும் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாக ஆவதைக் கைக்கண்ணாடியில் காட்டினார்; அது மோவாய்த் தசை இறுகுவதால் வருவது. வெள்ளைப் பென்சிலால் புள்ளிகள் வைத்த பிறகு, தாடை விளிம்பில், மென்று தின்னும் தசைக்குச் சற்று முன்னால், என் விரலைப் பிடித்து வைத்து அழுத்தச் சொன்னார். அங்கே நாடித் துடிப்பு நன்றாகத் தெரிந்தது. முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி தாடையைத் தாண்டி மேலேறும் இடம் அது. பின்னால் ஃபில்லர் வைக்கும்போது எந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதை நோயாளியின் விரலாலேயே காட்டித் தந்த மருத்துவரிடம் நம்பிக்கை வராமல் இருக்குமா?

போடாக்ஸ் என்ற பெயரில் நாம் சொல்வது போட்டுலினம் நச்சின் ஏ வகையை மிகச் சிறிய அளவில் பயன்படுத்துவது. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பின் முனையிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து, தசை சுருங்குவதைக் குறைக்கிறது. மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்குமான மருந்தாக 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புருவத்திடைச் சுருக்கத்துக்கு 2002-இல் ஒப்புதல் வந்தது. பிளாட்டிஸ்மா தசையால் கழுத்தில் புடைத்துத் தெரியும் பட்டைகளுக்கு 2024-இல்தான் அங்கே ஒப்புதல் கிடைத்தது. வாயோரத்துக்கும் மோவாய்க்கும் போடுவது அத்தகைய ஒப்புதல் இல்லாமல், இன்றும் மருத்துவரின் அனுபவத்தையும் பொறுப்பையும் நம்பிச் செய்யப்படுவதே. வாயோரத் தசைக்குப் பக்கத்துக்கு இரண்டு முதல் நான்கு யூனிட் அளவே வழக்கம் என்பதால், சற்றுத் தவறினாலும் விளைவு முகத்தில் தெரியும். இன்னொன்று: ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் சமமல்ல. ஆகவே “எத்தனை யூனிட்” என்று கேட்பவர் “எந்த மருந்து” என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மூன்றாம் நான்காம் நாளில் தளர்வு தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு விளைவும் தெரிந்தது. அந்த இரண்டு வாரம் காத்திருந்ததுதான் இந்தச் சிகிச்சையில் மிகப் பயனுள்ள பகுதி என்று நான் கருதுகிறேன். தசை தளர்ந்ததும் வாயோரம் தானாகச் சற்று மேலே வந்துவிட்டது. மோவாய்க் குழிகள் மறைந்தன. மீதமிருந்த பள்ளம் எவ்வளவு என்பது அப்போதுதான் உண்மையாகத் தெரிந்தது. ஒரே நாளில் இரண்டையும் செய்துவிடும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள், அது தவறான முறையும் அல்ல. இருந்தாலும் முதல் முறை செய்துகொள்பவர் இடைவெளி விட்டுச் செய்தால் ஃபில்லர் குறைவாகச் செலவாகும் என்பது என் அனுபவம்.

ஃபில்லராக எனக்கு வைத்தது ஹயலுரோனிக் அமிலம், நம் உடலிலும் இயல்பாக உள்ள ஒரு பொருளின் களி வடிவம். மோவாய்க்கும் அதன் பக்கத்துப் பள்ளத்துக்கும் எலும்பையொட்டிக் கெட்டியான வகையும், வாயோரத்திலிருந்து இறங்கும் கோட்டுக்கு மென்மையான வகையும் பயன்படுத்தினார். மோவாயில் ஊசி, பக்கப் பள்ளத்தில் கேனுலா எனப்படும் முனை மழுங்கிய மெல்லிய குழல். மரத்துப்போகும் களிம்பு பூசியிருந்தாலும், கேனுலா தோலுக்கடியில் நகரும்போது காதுக்குள் நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. வலியைவிட அந்தச் சத்தமே என்னை மிரட்டியது. அது திசுக்களை விலக்கிக்கொண்டு போகும் சத்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் பேசிக்கொண்டே செய்தார். வீக்கம் வாரக் கணக்கில் இருந்தது, இடப்பக்கம் நீலம் பாய்ந்து மஞ்சளாகி மறைந்தது.

முடிந்த பிறகு பார்த்த மாற்றம் பெரிதல்ல, ஆனால் சரியானது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா ஒரு விசேஷத்தில் என்னைப் பார்த்து, “என்னடி, லீவு போட்டியா? முகம் தெளிஞ்சிருக்கே” என்று கேட்டாள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அடுத்த சுற்றில் அனுபவம் வேறு மாதிரி ஆனது. என் மருத்துவர் வெளியூர் போயிருந்த காலத்தில் சென்னையில் ஒரு கிளினிக்கில் போடாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டேன். நிமிர்த்தி உட்கார வைக்கவில்லை, முகத்தை அசைக்கச் சொல்லவில்லை, புள்ளியும் வைக்கவில்லை. பத்து நாளில், நான் வாய்விட்டுச் சிரித்தால் வலப்பக்கக் கீழ் உதடு இறங்காமல் நின்றது. இடப்பக்கப் பற்கள் மட்டும் தெரிந்தன. வாயோரத் தசைக்கு உட்புறமாக, கீழ் உதட்டை இறக்கும் தசை ஒட்டியே இருக்கிறது. ஊசி சற்று உள்ளே தள்ளிப் போனாலும் மருந்து அதில் பரவிவிடும். போட்ட போடாக்ஸை முறிக்க மாற்று மருந்து கிடையாது, தேயும் வரை பொறுத்திருப்பதே வழி. அந்தக் கிளினிக்கில் தொலைபேசியில் கேட்டபோது “போகப் போகச் சரியாயிடும்” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நேரில் வந்து காட்டுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. பாடம் நடத்தும் தொழிலில் இருப்பவளுக்குச் சிரிப்பு கோணிப்போவது சாதாரணமல்ல. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அது படிப்படியாகச் சீரானது. தோல் மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற ஜிப்மர் போன்ற நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது, அங்கே படித்துத் தேறியவர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். ஆகவே பட்டம் பெற்ற தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரையோ தேடிப் பிடிப்பது கடினமில்லை. அழகு நிலையங்களில் சலுகை விலைக்குப் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாட்பட்ட பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை சில. போடாக்ஸ் மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது; ஃபில்லர் அப்படியல்ல. ஒன்றரை ஆண்டில் கரைந்துவிடும் என்று விளம்பரங்கள் சொன்னாலும், எம்.ஆர்.ஐ. படங்களில் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஹயலுரோனிக் அமிலம் முகத்தில் தங்கியிருப்பது பதிவாகியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு சிரிஞ்ச் என்று சேர்த்துக்கொண்டே போனால் கீழ் முகம் கனத்து, பெட்டிபோல் சதுரமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. என் மருத்துவர் ஒவ்வொரு முறையும் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் “இப்ப வேணாம்” என்றே சொல்கிறார். பணம் வாங்க வாய்ப்பிருந்தும் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை விட்டுவிடக் கூடாது.

ஒரு மழைக்காலத்தில் வைரஸ் காய்ச்சல் வந்தபோது, ஃபில்லர் வைத்த மோவாயோரம் மட்டும் கெட்டியாகி வீங்கியது. காய்ச்சலோ பல் தொற்றோ வந்து உடலின் எதிர்ப்பாற்றல் தூண்டப்படும்போது பழைய ஃபில்லர் இப்படி வீங்குவதுண்டு என்று என் மருத்துவர் விளக்கி, பரிசோதித்து மருந்து கொடுத்தார். சில நாளில் வடிந்தது. தேவைப்பட்டால் ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி ஃபில்லரையே கரைத்துவிடலாம் என்பதால் எனக்குத் திகில் ஏற்படவில்லை. இந்த வசதி எல்லா ஃபில்லருக்கும் கிடையாது. கழுத்து, தாடையோரத் தோலை இறுக்குவதற்காகப் பின்னர் எனக்கு நீர்க்க வைத்துச் செலுத்திய கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் வகையை அந்த நொதி கரைக்காது. அது மெதுவாகக் கொலாஜனைத் தூண்டுவது. பலன் தெரிய மாதங்கள் ஆயின, தோல் சற்றுத் தடித்து உறுதியானது, அவ்வளவே. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் அது வெண்மையாகத் தெரியக்கூடும் என்பதால் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு, மெல்லும் தசையான மாசெட்டரில் போடாக்ஸ் போடுவது பரவலாகியிருக்கிறது. முகம் ஒடுங்கித் தெரியும் என்பதால் இளம்பெண்கள் விரும்புகிறார்கள். என் வயதில் அதை யோசித்தே செய்ய வேண்டும்: தசை மெலிந்தால் அதன் மேல் இறுகி நின்ற தோல் தாங்கலிழந்து, தாடையோரத் தொங்கல் கூடிவிடலாம். எனக்கு அதைத் தொடவே இல்லை.

செலவைப் பொறுத்தவரை, நான் கொடுத்த அளவில், போடாக்ஸ் ஒரு யூனிட்டுக்குச் சில நூறு ரூபாயும் ஃபில்லர் ஒரு மில்லிக்கு 20,000 ரூபாய்க்கு மேலும் ஆனது. மருத்துவக் காப்பீடு இதற்குப் பைசா தராது. விலை மிகக் குறைவாக இருந்தால் மருந்தையே சந்தேகிக்க வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் போலி போடாக்ஸால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை அந்நாட்டு அரசே எச்சரிக்கையாக வெளியிட்டது. பெட்டியை என் எதிரில் உடைத்துத் திறக்கச் சொல்வேன், பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் படம் எடுத்துக்கொள்வேன், குளிர்பெட்டியிலிருந்துதான் எடுக்கிறார்களா என்று பார்ப்பேன். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. நம் ஊர் மே மாத வெயிலும் மின்வெட்டும் அதற்கு ஆகாது. இப்படிக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ஃபில்லர் வைக்கும் இடத்தில் ஹயலுரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்காமல் உட்காரவே கூடாது. ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டால் தோல் வெளுக்கும், பிறகு வலைபோல் நீலம் படரும், பெரும்பாலும் கடுமையாக வலிக்கும். அரிதாகப் பார்வையே பறிபோயிருக்கிறது. அது வீங்கியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்கும் நிலை அல்ல, நள்ளிரவானாலும் உடனே மருத்துவரை எழுப்ப வேண்டிய நிலை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா போன்ற நரம்புத்தசை நோயுள்ளவர்கள் போடாக்ஸைத் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமே நிறுத்தாமல் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூட்டுச் சிகிச்சைக்கு எல்லை உண்டு. கழுத்துத் தோல் உண்மையிலேயே தளர்ந்து மடிந்துவிட்டால் எத்தனை ஊசியும் அதைத் தூக்காது; அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை வாயோரத்துக்கும் மோவாய்க்கும் கழுத்துக்கும் போடாக்ஸ் மட்டும் போட்டுக்கொள்கிறேன். ஃபில்லர் சேர்த்து நீண்ட காலமாகிவிட்டது. இடப்பக்கப் பள்ளம் சற்று ஆழமாகியிருப்பது கண்ணாடியில் தெரிகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதையொட்டி வரும் காய்ச்சல்களும் ஓய்ந்த பிறகு, தை மாதத்தில், அந்த ஒரு பக்கத்துக்கு அரை சிரிஞ்ச் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.